சராசரி வருகை 95%, ஆனாலும் பாடத்தில் விடுபடும் பிள்ளைகள் ஏராளம்: பதிவேட்டில் எதைப் பார்ப்பது?

கரும்பலகை (கேள்வி)

வணக்கம். 6 முதல் 10ஆம் வகுப்பு வரை உள்ள பள்ளி, 400 பிள்ளைகள். தலைமைப் பொறுப்பு எனக்குப் புதிது. மாதக் கடைசியில் அலுவலகம் தரும் அறிக்கையில் சராசரி வருகை 95% என்று இருக்கிறது. அதே எண்தான் மேலேயும் போகிறது, யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் கணித, அறிவியல் ஆசிரியர்கள் ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் ஒரே பெயர்களைத்தான் சொல்கிறார்கள். "அந்தப் பாடம் நடந்த வாரம் இவன் வரவே இல்லை, இவள் இரண்டு நாள்தான் வந்தாள்" என்கிறார்கள்.

ரிஜிஸ்டர் காகிதத்தில்தான். மாதம் ஒருமுறை எழுத்தர் எக்செலில் ஏற்றுகிறார். அலுவலகத்தில் அவர் ஒருவர்தான். முழுநேர ஆலோசகர் கிடையாது. என் கேள்விகள் இவை:

எந்த எண்ணைப் பார்த்தால் உண்மை நிலை தெரியும்? எந்தக் கட்டத்தில் வீட்டைத் தொடர்புகொள்ள வேண்டும், என்ன பேச வேண்டும்? ஆண்டு விழாவில் நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் இருக்கிறது, அதைத் தொடரலாமா? நீண்ட நாள் வராமல் திரும்பி வரும் பிள்ளையை வகுப்பில் எப்படிச் சேர்த்துக்கொள்வது?

கடைசியாக ஒன்று. நாள் கணக்கில் ஆப்சென்ட் ஆகும் சிலரைத் தற்காலிக நீக்கம் செய்தால் மற்றவர்களுக்குப் பயம் வரும் என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒரு கருத்து எழுந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனால் மாற்று வழியைக் கையில் வைத்துக்கொண்டு பேச விரும்புகிறேன்.

---

ஏழாம்பீரியட்

முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மற்றதெல்லாம் இந்த எண் சரியாக இருந்தால்தான் நடக்கும்.

சராசரி ஏன் உதவாது என்பதை உங்கள் பள்ளியை வைத்தே கணக்குப் போடலாம். ஆண்டுக்கு 200 வேலை நாள் என்று கொள்வோம். 400 பிள்ளைகளுக்கு மொத்தம் 80,000 நாள். 95% வருகை என்றால் 4,000 நாள் இழப்பு. எல்லாரும் ஆளுக்கு 10 நாள் விடுப்பு எடுத்தாலும் 4,000. 100 பிள்ளைகள் ஆளுக்கு 20 நாள் வராமல் இருந்து, மீதி 300 பேர் ஆறேழு நாள் மட்டும் விடுப்பு எடுத்தாலும் அதே 4,000தான். முதல் பள்ளியில் பெரிய சிக்கல் இல்லை. இரண்டாவதில் நான்கில் ஒரு பிள்ளை நான்கு வாரப் படிப்பை இழக்கிறது. மாத அறிக்கையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஆகவே பள்ளியின் சராசரியை விட்டுவிட்டு, பிள்ளைவாரியாகப் பாருங்கள். ஒரு பிள்ளை தான் சேர்ந்த நாளிலிருந்து நடந்த வேலை நாட்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வரவில்லை என்றால் அது தொடர் வருகைக் குறைவு. பல நாடுகளில் இந்த 10%தான் எல்லைக்கோடு. இங்கிலாந்தில் இதற்கும் மேலே 50% என்று இன்னொரு கோடு வைத்து, அதைத் தாண்டுபவர்களைத் தனிப் பட்டியலில் சேர்க்கிறார்கள். பள்ளிக்குள் வேலை செய்ய நான்கு அடுக்கு போதும்: 5 சதவீதத்துக்குக் கீழே, 5 முதல் 10 வரை, 10 முதல் 20 வரை, 20க்கு மேலே.

200 நாளில் 10% என்பது 20 நாள். மாதத்துக்கு இரண்டே நாள். இரண்டு நாள் என்பதால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. அதே பிள்ளை 6ஆம் வகுப்பிலிருந்து 10 முடிய இப்படியே போனால் 100 நாள், அதாவது அரை கல்வியாண்டு காணாமல் போகிறது.

இந்தக் கணக்கில் லீவ் லெட்டர் கொடுத்த நாள், மருத்துவச் சான்று உள்ள நாள், தண்டனையாக வெளியே அனுப்பிய நாள் எல்லாமே சேர வேண்டும். "அனுமதி பெற்ற விடுப்பைக் கழித்துவிடலாமே" என்று கேட்பார்கள். கழிக்காதீர்கள். அனுமதியோடு போனாலும் பாடம் போனது போனதுதான். காரணத்தைப் பக்கத்தில் தனிப் பத்தியாக எழுதிக்கொள்ளுங்கள், அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க அது வேண்டும்.

எக்செலில் செய்யும் முறை: ஒரு பிள்ளைக்கு ஒரு வரிசை, ஒரு நாளுக்கு ஒரு பத்தி. வந்தால் 1, வராவிட்டால் 0, அரை நாள் என்றால் 0.5. விடுமுறை நாளையும், பிள்ளை சேர்வதற்கு முந்தைய நாட்களையும் வெற்றாக விட்டுவிடுங்கள். வரிசைக்கு ஆவரேஜ் ஃபார்முலா போட்டால் அதுவே வருகை விகிதம். அந்த ஃபார்முலா வெற்றுக் கட்டத்தைச் சேர்க்காது என்பதால் நடுவில் சேர்ந்த பிள்ளைக்கும் கணக்கு சரியாக வரும்.

இதில் வழக்கமாக நடக்கும் பிழைகள்: விடுமுறை நாளில் 0 போட்டுவிடுவது, முழு வகுப்புக்கும் 1 என்று இழுத்துவிட்டுப் பிறகு ஆப்சென்டை மட்டும் திருத்துவது (திருத்த மறந்தால் எல்லாரும் வந்ததாகிவிடும்), 0 என்பது எழுத்தாகப் பதிவாகிவிடுவது. மூன்றாவதுதான் மோசம். எழுத்தாக இருக்கும் 0வை ஆவரேஜ் தள்ளிவிடும், வராத நாள் கணக்கிலிருந்தே மறைந்து விகிதம் கூடிப்போகும். இதைப் பிடிக்க ஒவ்வொரு வரிசையிலும் கவுண்ட் ஃபார்முலா ஒன்று வையுங்கள். அது அந்தப் பிள்ளை சேர்ந்த பிறகு நடந்த வேலை நாள் எண்ணிக்கையோடு ஒத்துவர வேண்டும். ஒத்துவராத வரிசையை ரிஜிஸ்டரோடு வைத்துப் பாருங்கள்.

மாதம் ஒருமுறை ஏற்றுவது போதாது. வாரம் ஒருமுறையாவது வேண்டும். பட்டியலை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுங்கள். முதல் 20 வேலை நாள் முடிந்ததும் ஒரு பட்டியல் கட்டாயம். அப்போது இரண்டு நாள் ஆப்சென்ட் ஆனாலே 10% வந்துவிடும், ஒரு சாதாரணக் காய்ச்சலும் பட்டியலில் ஏறும். ஆகவே அந்தப் பட்டியலை வைத்துக் கடிதம் போட வேண்டாம், வகுப்பாசிரியர் கவனத்துக்கு மட்டும் கொடுங்கள். போன ஆண்டு 10 சதவீதத்தைத் தாண்டியவர் பெயர் அதிலும் இருந்தால் மட்டும் உடனே பேசுங்கள்.

தாமத வருகையைத் தனியாக எழுதுங்கள். மூன்று லேட் ஒரு ஆப்சென்ட் என்று மாற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு, அது தரவையே கெடுக்கும். தாமதத்துக்கும் வராமைக்கும் காரணங்கள் பெரும்பாலும் வேறு வேறு. ஆனால் தாமதத்தைச் சிறிதாக எண்ணவும் வேண்டாம். நாளுக்கு 15 நிமிடம் வீதம் 200 நாளில் 50 மணி நேரம். அதுவும் எப்போதும் முதல் பீரியட் பாடத்திலிருந்தே போகிறது.

நீண்ட நாள் வராத பிள்ளையின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் விகிதம் உடனே ஏறும். அப்படி எடுக்க அலுவலகத்துக்கு எந்தச் சூழலிலும் தானாக அதிகாரம் இருக்கக் கூடாது. வேறு பள்ளியில் சேர்ந்ததற்கான எழுத்துச் சான்று இருந்தால் மட்டும், உங்கள் கையெழுத்தோடு நீக்குங்கள். எந்தப் பள்ளியின் பட்டியலிலும் இல்லாத பிள்ளையை யாருமே தேட மாட்டார்கள்.

---

வாசல்மணி

ஏழாம்பீரியட் சார் சொன்ன எண் கைக்கு வந்தபிறகு வீட்டோடு பேசுவது பற்றி.

முதல் நாளே தெரிவிப்பது படிப்புக்காக மட்டுமல்ல. பிள்ளை வீட்டிலிருந்து கிளம்பி, பள்ளிக்கு வந்து சேரவில்லை என்றால் அது பாதுகாப்புப் பிரச்சினை. ஆகவே முதல் பீரியட் தொடங்கி 15 நிமிடத்துக்குள் வருகை எடுத்து, பீரியட் முடிவதற்குள் ஆப்சென்ட் சீட்டு அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும். சீட்டைக் கொண்டுவர ஒரு மாணவரை அனுப்பலாம். ஒரு வகுப்பின் சீட்டு வரவில்லை என்றால் அலுவலகம் அந்த வகுப்புக்கு ஆள் அனுப்ப வேண்டும். எல்லாரும் வந்திருந்தாலும் "இல்லை" என்று எழுதிய சீட்டு வர வேண்டும். இல்லையென்றால், சீட்டு வராதது ஆப்சென்ட் இல்லாததாலா, ஆசிரியர் மறந்ததாலா என்று தெரியாது.

அழைப்பில் முதல் வாக்கியம் முக்கியம். "ஏன் அனுப்பவில்லை?" என்று தொடங்கினால் பதில் "காய்ச்சல்" என்றுதான் வரும், உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். "இன்று வகுப்பில் பார்க்கவில்லை, நலமாக இருக்கிறானா?" என்று கேளுங்கள். பிறகு "நாளை வருவானா, நாங்கள் ஏதாவது செய்ய வேண்டுமா?" என்று கேளுங்கள். அவ்வளவு போதும். தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் வகுப்பாசிரியரே பேச வேண்டும், அலுவலகம் அல்ல. பிள்ளையின் பெயரும் முகமும் தெரிந்தவர் பேசும்போது வீட்டார் கேட்பார்கள்.

5 சதவீதத்தைத் தாண்டியதும் கடிதம். இதில் நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் டாட் ரோஜர்ஸ், அவி ஃபெல்லர் இருவரும் 28,000க்கும் மேற்பட்ட குடும்பங்களில் நடத்திய சோதனை 2018இல் வெளியானது. பிள்ளை இதுவரை மொத்தம் எத்தனை நாள் வரவில்லை என்பதைக் கடிதமாக வீட்டுக்கு அனுப்பியதில் தொடர் வருகைக் குறைவு உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கை 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. காரணம் எளிமையானது: தங்கள் பிள்ளை எத்தனை நாள் தவறவிட்டது என்பதைப் பெற்றோர் மிகக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டு எழுதிய கடிதம் வெறும் எண்ணைச் சொன்ன கடிதத்தைவிடக் கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை. ஆகவே ஒப்பீடு வேண்டாம், அது வீட்டில் பிள்ளைக்கு அடியாகத்தான் முடியும்.

கடிதத்தின் உள்ளடக்கம் இந்த அளவில் இருந்தால் போதும்:

"இந்த ஆண்டில் இதுவரை 60 பள்ளி நாட்கள் நடந்துள்ளன. உங்கள் மகள் 5 நாட்கள் வரவில்லை. விட்டுப்போன பாடங்களை அவள் கற்றுக்கொள்ள நாங்கள் உதவுகிறோம். பள்ளிக்கு வருவதில் ஏதேனும் சிரமம் இருந்தால் வகுப்பாசிரியரை இந்த எண்ணில் அழைக்கலாம்."

சட்டப் பிரிவு, எச்சரிக்கை, சிவப்பு எழுத்து எதுவும் வேண்டாம். வீட்டில் படிக்கும் மொழியில் இருக்கட்டும். அனுப்பும் முன் வகுப்பாசிரியர் எண்ணிக்கையைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒரே ஒரு கடிதத்தில் நாள் கணக்கு தவறினாலும் அந்த வீடு அடுத்த கடிதத்தை நம்பாது. தொலைபேசி எண்களைப் பருவத் தொடக்கத்தில் ஒருமுறை சரிபாருங்கள். பிள்ளை யாருடன் வசிக்கிறதோ அவர் எண்தான் முதலில் இருக்க வேண்டும், அது எப்போதும் தந்தையின் எண்ணாக இருக்காது.

10 சதவீதத்தைத் தாண்டினால் நேரில் 20 நிமிடச் சந்திப்பு. மேசையில் ஒரு நாட்காட்டித் தாள், வராத நாட்கள் வண்ணமிட்டது. அதைப் பெற்றோர் பக்கம் திருப்பி வைத்து, "இந்த நாட்களில் என்ன நடந்தது என்று சொல்ல முடியுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பாதிக் காரணங்கள் அந்தத் தாளைப் பார்த்ததும் அவர்களுக்கே நினைவுக்கு வரும். முடிவில் பள்ளி செய்ய இரண்டு, வீடு செய்ய ஒன்று என்று மூன்று வேலைகளுக்கு மேல் எழுதாதீர்கள். 20 வேலை நாள் கழித்து மறுபார்வை. சந்திப்புக்கு முந்தைய 20 நாளையும் பிந்தைய 20 நாளையும் ஒப்பிட்டால் பலன் தெரிந்துவிடும்.

நூறு சதவீதப் பரிசை நிறுத்துங்கள் என்பது என் உறுதியான கருத்து. 2021இல் வெளியான ஒரு ஆய்வு 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான 15,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடந்தது. பரிசு உண்டு என்று முன்கூட்டியே அறிவித்ததால் வருகை கூடவில்லை. முன்பு முழுமையாக வந்ததற்காக எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற பிள்ளைகள் அதன் பிறகு முன்பைவிட அதிகம் விடுப்பு எடுத்தார்கள். "நீ தேவைக்கு மேலேயே வந்திருக்கிறாய்" என்ற செய்தியாக அது அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இது ஒருபுறம் இருக்க, ஆஸ்துமா உள்ள பிள்ளையை மேடைக்கு வெளியே நிறுத்தும் பரிசு அது. காய்ச்சலோடு பள்ளிக்கு வரவும் தூண்டும்.

---

மைதானம்

வாசல்மணி மேடம் சொல்வதில் ஒரு நடைமுறைச் சிக்கல். 95% வருகை என்றால் நாளுக்கு 20 பேர் ஆப்சென்ட். அழைப்புக்கு 3 நிமிடம் என்றாலும் ஒரு மணி நேரம். பாதிப் பேர் முதல் முறை எடுக்க மாட்டார்கள், இரண்டாம் முறை அழைக்க வேண்டும். ஒரே எழுத்தர் இருக்கும் பள்ளியில் இது இரண்டு வாரம் நடக்கும், பிறகு நின்றுவிடும்.

இப்படிப் பிரிக்கலாம். காலையில் 20 பேருக்கும் குறுஞ்செய்தி. வீட்டார் முன்பே தகவல் சொன்னவர்களைக் கழித்துவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் பதில் வராதவர்களுக்கு மட்டும் அழைப்பு. அதிலும் தனியாக நடந்தோ சைக்கிளிலோ வரும் பிள்ளைகள் முதலில், பிறகு ஏற்கெனவே 10 சதவீதத்தைத் தாண்டியவர்கள். தினமும் ஏழெட்டு அழைப்பில் முடிந்துவிடும். எழுத்தர் விடுப்பில் போனால் யார் செய்வது என்று பெயரோடு எழுதி வையுங்கள். இந்த வேலை முதலில் நின்றுபோவது அந்த நாளில்தான்.

பரிசு விஷயத்தில் முழுதாக உடன்பட முடியவில்லை. முழு வருகைக்குப் பரிசு வேண்டாம், சரி. ஆனால் தன்னுடைய முந்தைய மாதத்தைவிட முன்னேறிய பிள்ளையிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்வதும், அதே செய்தியை வீட்டுக்குச் சொல்வதும் வேறு விஷயம். அதை விட்டுவிடாதீர்கள். பள்ளியிலிருந்து போன் வந்தாலே குற்றப் பத்திரிகைதான் என்று பழகிய வீடுகள் உண்டு.

தற்காலிக நீக்கம் பற்றி: வராத பிள்ளையை வரக் கூடாது என்று சொல்வது எப்படித் தண்டனையாகும்? அவன் விட்டுப்போன நாட்களோடு பள்ளியும் தன் பங்குக்கு மூன்று நாளைச் சேர்க்கிறது. கூட்டத்தில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். கூடவே அவன் இதுவரை இழந்த நாள் எண்ணிக்கையைப் பலகையில் எழுதுங்கள்.

---

ஜன்னலோரம்

காரணத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. காரணம் தெரியாமல் எடுக்கும் நடவடிக்கை பாதிப் பிள்ளைகளுக்குப் பயன்படாது, சிலருக்குத் தீங்காகவும் முடியும்.

நான்கு கூடையாகப் பிரித்துப் பாருங்கள். வர முடியாதவர்கள்: நோய், போக்குவரத்து, தம்பி தங்கையையோ நோயாளியையோ பார்த்துக்கொள்வது, வேலைக்குப் போவது. வரப் பயப்படுபவர்கள்: சக மாணவர் தொல்லை, ஓர் ஆசிரியர் மீதான அச்சம், தேர்வுப் பதற்றம். பள்ளியில் தனக்கு ஒன்றும் இல்லை என்று ஒதுங்கியவர்கள். கடைசியாக, ஓரிரு நாள் போனால் என்ன என்று வீட்டில் நினைப்பவர்கள். வாசல்மணி மேடம் சொன்ன கடிதம் இந்தக் கடைசிக் கூடைக்கு நன்றாக வேலை செய்யும். முதல் மூன்றுக்கும் கடிதம் போதாது.

எந்தக் கூடை என்று கண்டுபிடிக்கப் பதிவேடே உதவும். வராத நாட்களை டைம்டேபிள் மேல் வைத்துப் பாருங்கள். திங்கள்கிழமைகளா, தேர்வு நாட்களா, ஒரு குறிப்பிட்ட ஆசிரியர் முதல் பீரியட் எடுக்கும் நாட்களா, விளையாட்டு வகுப்பு நாட்களா? மூத்த வகுப்புப் பெண்பிள்ளைகள் மாதத்தில் இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராமல் இருந்தால் முதலில் கழிப்பறைக்குப் போய்ப் பாருங்கள். உள்தாழ்ப்பாள் வேலை செய்கிறதா, தண்ணீர் வருகிறதா, மூடியுள்ள குப்பைக்கூடை இருக்கிறதா, நாப்கின் யாரிடமும் கேட்காமல் எடுக்கும் இடத்தில் இருக்கிறதா? தாழ்ப்பாளைச் சரிசெய்யாமல் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை அழைப்பதில் பொருளில்லை.

பயத்தால் வராத பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். காலையில் வயிற்று வலி, தலைவலி, வாந்தி. பத்து மணிக்கு மேல் சரியாகிவிடும், விடுமுறை நாளில் இருக்காது. இது நடிப்பு இல்லை, வலி உண்மையானது. முதலில் மருத்துவர் பார்த்து உடல்நோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அதன் பிறகு வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் பயத்தை வளர்க்கிறது. வீட்டில் இருந்தவுடன் நெஞ்சு இலகுவாகிறது, அந்த நிம்மதியே மறுநாளும் போகாமல் இருக்கச் சொல்கிறது. எனவே "மனசு சரியாகும் வரை வீட்டில் இருக்கட்டும்" என்று கனிவோடு தரும் நீண்ட விடுப்பு பெரும்பாலும் திரும்பி வருவதைக் கடினமாக்கும். "நாளைக்கே முழு நாள் வா, இல்லாவிட்டால்…" என்ற மிரட்டலும் வேலை செய்யாது.

படிப்படியாகத் திரும்ப வைப்பதே வழி. முதல் வாரம் இரண்டு பீரியட் மட்டும், பிள்ளைக்குப் பிடித்த பாடம் வரும் நேரத்தில். நேரத்தைப் பிள்ளையோடு பேசி முடிவுசெய்யுங்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தின் கூட்ட நெரிசலில் தொடங்க வேண்டாம். வாசலில் தினமும் ஒரே பெரியவர் நின்று உள்ளே அழைத்துப் போகட்டும். பதற்றம் வந்தால் போய் உட்கார ஓர் இடம், 10 நிமிடம், பிறகு வகுப்புக்குத் திரும்புதல். வீட்டுக்கு அனுப்புவது அந்த ஏற்பாட்டில் சேரக் கூடாது. இரண்டு மூன்று நாள் தாங்கியபின் அடுத்த பீரியடைச் சேருங்கள். ஒரு படியில் தடுமாறினால் முந்தைய படிக்குப் போகலாம், பூஜ்யத்துக்குப் போகக் கூடாது. அதே நேரத்தில் தொல்லை கொடுத்த மாணவரையோ பயமுறுத்திய சூழலையோ கையாளாமல் பிள்ளையை மட்டும் தயார்செய்வது அநியாயம்.

பேசும்போது பிள்ளை வீட்டிலோ பள்ளியிலோ தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "இதை உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். விசாரணை செய்யும் விதமாகக் கேள்வி அடுக்காமல், பிள்ளை சொன்ன சொற்களிலேயே எழுதி, தேதி நேரம் போட்டு, அன்றே பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். சந்தேகம் வீட்டார் மீது என்றால் முதல் அழைப்பு வீட்டுக்குப் போகக் கூடாது.

---

கரும்பலகை

எல்லோருக்கும் நன்றி. இழுத்துவிட்டுத் திருத்தும் பழக்கம் எங்கள் எக்செலிலும் இருக்கிறது, கவுண்ட் பத்தியை உடனே சேர்க்கிறேன். இரண்டு விஷயம் மட்டும் மீதி. திரும்பி வந்த பிள்ளைக்கு விட்டுப்போன பாடத்தை எப்படிக் கொடுப்பது? "ஏற்கெனவே வேலை அதிகம், இதுவும் எங்கள் தலையிலா" என்று ஆசிரியர்கள் சொன்னால் எப்படி எதிர்கொள்வது?

---

பாடக்குறிப்பு

இரண்டும் ஒரே கேள்விதான். பாடத்தை மீட்கும் வேலை ஆசிரியரின் நேரத்துக்குள் அடங்கும்படி இல்லாவிட்டால் அவர்கள் மறுப்பது நியாயம்.

எட்டு நாள் வராத பிள்ளையிடம் எட்டு நாள் நோட்டையும் காப்பி எடுத்து எழுதச் சொல்வதுதான் வழக்கம். கை வலிப்பதைத் தவிர அதில் ஒன்றும் நடக்காது. மாறாக, ஒவ்வொரு பாடத்துறையும் அலகு தொடங்கும் முன்பே "இது தெரியாமல் அடுத்ததற்குப் போக முடியாது" என்ற கருத்துகளை மூன்றிலிருந்து ஐந்துக்குள் எழுதி வைக்கட்டும். உதாரணமாக நேரியல் சமன்பாடுகளில், ஒரு பக்கம் செய்ததை மறுபக்கமும் செய்தல், அடைப்புக்குறியை விரித்தல், ஒத்த உறுப்புகளைச் சேர்த்தல். இவற்றுக்குத் தலா இரண்டு கேள்வி. பிள்ளை திரும்பியதும் அந்த ஆறு கேள்வியைக் கொடுங்கள், 10 நிமிடம். எது தெரியவில்லையோ அதை மட்டும் 15 நிமிடம் கற்பியுங்கள். மீதியை வகுப்போடு வரும்போது பிடித்துக்கொள்வான். இந்தத் தாள்கள் ஒருமுறை செய்தால் அடுத்த ஆண்டும் பயன்படும், வகுப்புக்கு வந்தும் புரியாமல் இருக்கும் பிள்ளைக்கும் பயன்படும்.

வகுப்பின் பின்பக்கம் பாடத்துக்கு ஒரு கோப்பு வையுங்கள். அன்றைய பணித்தாளில் ஒரு பிரதி, வராதவர் பெயர் எழுதி உள்ளே போட வேண்டும். அதை மாணவர் ஒருவர் வாரமுறையில் செய்யலாம். திரும்பி வந்த நாளில் தேர்வு இருந்தால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு மூன்று நாள் தள்ளிவையுங்கள். வந்த அன்றே பூஜ்யம் வாங்க வைத்தால் மறுநாள் ஏன் வருவான்? "ஐயா வந்துட்டாரா!" என்று வகுப்பு நடுவே வரவேற்பதும் அதே வேலையைத்தான் செய்யும். ஆசிரியர்களிடம் இதை வெளிப்படையாகவே சொல்லுங்கள்.

பொறுப்பைப் பகிர இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 30 நிமிடக் கூட்டம். நீங்கள், எழுத்தர், அந்தந்த வகுப்பாசிரியர்கள். ஒரு கூட்டத்தில் எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் எடுக்காதீர்கள், ஆளுக்கு மூன்று நான்கு நிமிடம். தாளில் பெயர், விகிதம், காரணம் பற்றிய ஊகம், என்ன செய்வது, யார் செய்வது, எந்தத் தேதிக்குள், என்ன ஆயிற்று. "யார்" என்ற கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பெயருக்குப் போகக் கூடாது. "ஆசிரியர்கள் கவனிப்பார்கள்" என்று எழுதினால் அது யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று பொருள்.

இந்தக் கூட்டங்கள் கெடுவது பெரும்பாலும் ஒரே விதத்தில். 20 சதவீதத்தைத் தாண்டிய நான்கைந்து பிள்ளைகளைப் பற்றியே ஒவ்வொரு முறையும் பேசி நேரம் முடிந்துவிடும். அதற்குள் 6 சதவீதத்தில் இருந்தவர்கள் 11க்குப் போயிருப்பார்கள். ஆகவே முதல் 15 நிமிடம் புதிதாக 5 சதவீதத்தைத் தாண்டியவர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு அழைப்பு போதும், பத்து நாள் வேலை இல்லை. கடுமையான நிலையில் உள்ளவர்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். சில பிள்ளைகளுக்கு மருத்துவர், சமூக நலத்துறை என்று வெளி உதவி வேண்டியிருக்கும், அதை ஆசிரியர் தலையில் வைக்காதீர்கள். அந்தத் தொடர்பு தலைமையாசிரியரின் வேலை.

ஆசிரியர் தரப்பில் நீங்கள் முதலில் கொடுக்க வேண்டியது நேரம். வகுப்பாசிரியருக்கு வாரத்தில் ஒரு மாற்று பீரியட் பணியிலிருந்து (வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வதிலிருந்து) விலக்குக் கொடுத்து, அந்த நேரம் வீட்டு அழைப்புக்கு என்று டைம்டேபிளில் அச்சிடுங்கள். டைம்டேபிளில் இல்லாத வேலையைச் செய்யச் சொன்னால் நல்ல மனம் உள்ள இரண்டு பேர் செய்வார்கள், ஆண்டு நடுவில் அவர்களும் களைத்துப்போவார்கள்.

---

ஏழாம்பீரியட்

ஒன்று சேர்க்க விட்டுப்போயிற்று. பிள்ளைவாரிப் பட்டியல் தயாரானதும் அதை ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் வந்துவிடும். போட வேண்டாம். காரணப் பத்தியில் நோய், குடும்பப் பிரச்சினை எல்லாம் இருக்கும். கோப்புக்குக் கடவுச்சொல் வையுங்கள். முழுக் கோப்பு உங்களிடமும் எழுத்தரிடமும் மட்டும் இருக்கட்டும். வகுப்பாசிரியருக்கு அவர் வகுப்பின் வரிசைகளை மட்டும் அச்சிட்டுக் கொடுத்து, கூட்டம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அறிவிப்புப் பலகையில் வகுப்புவாரி விகிதம் போடலாம், பெயர் கூடாது. பத்துப் பேருக்கும் குறைவான பிரிவு என்றால் விகிதமும் வேண்டாம், யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.